கேட்டதற்கு மட்டும் பதில்

ஸ்காபரோ
11 பெப்ரவரி 2024

அன்புத் தங்கச்சி அன்ரனெற்றுக்கு,

மடுமாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மூன்று பேரையும் நினைத்துத் தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தனியாகச் சொல்கிறேன். நீ நம்பமாட்டாய், ஆனால் சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு நீயும் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீக்கிலாஸ் அத்தான்தான் சொன்னார்: "அக்காவும் தங்கச்சியும் ஒரே நேரத்திலை கத்திறியள். ஒராளுக்கும் மற்றாள் சொல்லுறது கேக்கிறேல்லை. கடிதம் எழுதுங்கோவன்." கலியாணம் முடித்த நாளிலிருந்து மனுஷன் சொன்ன ஒரே புத்தியான பேச்சு இதுதான். கடிதத்தில் ஒருவர் கத்தி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே நான் முதலில் கத்துகிறேன், நீ பொறு.

கிறிஸ்மஸ் அன்று குடும்பப் படம் எடுக்கும்போது ஜோசுவாவைப் பின்னுக்கு நில் என்று நான் சொன்னது அவன் உயரமாக இருப்பதால். வேறொன்றுக்கும் இல்லை. பதினைந்து வயதில் ஆறடி வளர்ந்துவிட்டு முன்வரிசையில் நின்றால் அத்தானின் மொட்டைத் தலைகூடத் தெரியாது. அதற்குப் போய் நீ கோட்டைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனாய். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ வேலைக்கு ஓடின காலத்தில் அவன் என் மடியில்தான் நித்திரை கொண்டான். எனக்கா அவன்மேல் பாசமில்லை?

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். மகள் ஏஞ்சலாவின் கலியாணம் ஓகஸ்ட் 17ஆம் திகதி முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை வினோதன் நல்ல பெடியன், அதிகம் பேசமாட்டான். நம் வீட்டில் அது பெரிய வசதி. சம்பந்தி வீட்டார் யாழ்ப்பாணத்தில் பாஷையூர் ஆட்கள், கொஞ்சம் எடுப்புத்தான். எங்களை மன்னார் என்று கேட்டதும் சம்பந்தியம்மாவின் புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் சம்மதித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைத் தோழனாக அத்தானின் அண்ணன் மகன் றொய்சனை நிற்பாட்டலாம் என்று இருக்கிறோம். மொன்றியலில் இருந்து வருவான். இதைப்பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே. ஜோசுவாவிடம் முடியை மட்டும் வெட்டிக்கொண்டு வரச்சொல்லு.

பாசத்துடன்,
அக்கா
அருள்மலர்


பார்க்டேல்
9 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர எடுத்த நேரத்துக்கு நான் ஸ்காபரோவுக்கு நடந்தே வந்து, உங்களோடு சண்டை பிடித்துவிட்டு, நடந்தே திரும்பியிருப்பேன். பரவாயில்லை. நீங்கள் கத்தி முடிக்கும்வரை பொறுத்தேன். இப்போது என் முறை.

முதலில் ஏஞ்சலாவுக்கு என் முத்தங்கள். வினோதனை எனக்குப் பிடிக்கும். பேசாதவன் என்றால் இன்னும் பிடிக்கும்.

ஆனால் அக்கா, றொய்சனா? பெண்ணின் தம்பிதான் ஹோல் வாசலில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு, மாலை போட்டு, கைபிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். மாப்பிள்ளை மோதிரம் போடுவதும் அவனுக்குத்தான். முறைப்படி றொய்சனும் தம்பிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏஞ்சலா அவனை வாழ்க்கையில் எத்தனை தரம் கண்டிருப்பாள்? தங்கச்சி மகன் என்றால் பெற்ற மகன் என்பதுதானே நம் வழக்கம். ஜோசுவா உங்களை அன்ரி என்று கூப்பிடுவதில்லை. பெரியம்மா என்கிறான். அவனுக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் திருத்தமாக வருகிற சொல் அது ஒன்றுதான்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. மனம் சரியில்லை. போன கிழமை இங்கே ஒன்று நடந்தது. பாஸ்கெட் போல் முடிந்து ஜோசுவாவும் இரண்டு சிநேகிதரும் ஸ்ரீட்கார் தரிப்பில் நின்றிருக்கிறார்கள். ஒருவன் சோமாலியப் பெடியன், மற்றவன் போர்த்துக்கீசன். பொலிஸ் கார் வந்து நின்றது. யாரோ தேடப்படுகிற ஒருவனின் அடையாளத்துக்குப் பொருந்துகிறார்களாம். போர்த்துக்கீசப் பெடியனை அந்தப் பக்கம் போய் நில் என்றுவிட்டு, மற்ற இருவரையும் சுவரோடு நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷமோ என்னவோ, பிறகு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் இருந்தான். அதிலேதான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனுஷன் க்வேசியின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு மேசையைச் சுற்றி இருந்தோம். கேளுங்கள் இந்த வேடிக்கையை. மாமா கானாக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சொல்கிறார்: மறித்தால் உன் முழுப்பெயரைச் சொல்லு, தகப்பன் யார், படிக்கும் பள்ளிக்கூடம் எது என்று சொல்லு, நாங்கள் கேப் கோஸ்ட்டில் மரியாதையான குடும்பம், நீ யாரென்று தெரிந்தால் அவன் மரியாதை தருவான். மாமி ஜமேக்கா. அவ கரண்டியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தா. "அவனுக்கு உன் கேப் கோஸ்ட்டும் தெரியாது, என் கிங்ஸ்டனும் தெரியாது. அவன் பிரித்துப் பார்த்தா மறிக்கிறான்? கையை வெளியே வை, வாயை மூடு, வீட்டுக்கு உயிரோடு வந்து சேர்" என்றா. மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கனடாவுக்கு வந்த புதிதில் அவர் ஜமேக்கா ஆட்களோடு பழகாதே என்று தம்பிமாருக்குச் சொல்லித்திரிந்தவராம். பிறகு ஒரு ஜமேக்காக்காரியையே கட்டினார்! ரொறன்ரோவில் பிறந்த க்வேசியோ சட்டம் கதைக்கிறார். என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா, போகலாமா என்று பணிவாகக் கேள் என்கிறார்.

மூன்று பேருக்கும் மூன்று கறுப்பு, அக்கா. வெளியே நின்று பார்ப்பவனுக்கு ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நம்மை நினைத்தேன். நாங்கள் மட்டும் என்னவாம்? யாழ்ப்பாணத்தான், மன்னாரான், மட்டக்களப்பான் என்று நமக்குள் பிரித்துக்கொண்டு திரிந்தோம். ஆமிச் சென்றியில் துவக்கோடு நின்றவன் எந்த ஊர் என்று பார்த்தா பஸ்ஸில் இருந்து இறக்கினான்?

கடைசியில் ஜோசுவா என்னைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்றான். நான் யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்ததைச் சொன்னேன். ஓடாதே. கையைப் பைக்குள் விடாதே. முகத்தைப் பார், முறைக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில். "சேர்" என்று மரியாதையாகச் சொல்லு. என்னைப் பதினாறு வயதில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டிப் பழக்கினீர்களே, அப்படியே அவனைப் பழக்கினேன். கனடாவில் பிறந்த என் பிள்ளைக்கு நான் கொடுத்த சீதனம் இது.

அவனைத் தோழனாக நிற்பாட்டுங்கள், அக்கா. ஓரிடத்திலாவது அவனை நம் ஆள் என்று எல்லோருக்கும் முன்னால் கைபிடித்து நிற்கவைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
அன்ரனெற்


ஸ்காபரோ
24 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி,

இன்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். உனக்கும் ஒரு ஓலை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையைச் சுவரோடு நிற்பாட்டினார்களா? அவர்களின் கையை முறிக்கவேண்டும். ஆனால் அன்ரனெற், நீ பிள்ளையை இன்னும் பயப்படுத்தாதே. இது கொழும்பு இல்லை, கனடா. இங்கே கேட்பதற்கு ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அன்றைக்கு நான் உனக்குச் சொல்லித் தந்தது யுத்தத்துக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து பார்க்டேலில் பிள்ளையின் தலையில் கட்டுகிறாய். அவன் அந்தத் தொப்பியும் பெரிய சட்டையும் போட்டுக்கொண்டு, முடியையும் அப்படி வளர்த்துக்கொண்டு நின்றால் எவனுக்கும் ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்? நாலு பேரைப்போல இருந்தால் நாலு பேரைப்போல நடத்துவார்கள்.

தோழன் விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சம்பந்தி வீட்டாருக்கு நான் க்வேசியைப்பற்றிச் சொல்லவில்லை. தங்கச்சி வெளியில் கலியாணம் செய்தவள் என்றேன், அவர்களும் மேலே கேட்கவில்லை. மன்னாருக்கே புருவம் ஏறின மனுஷி. கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? உனக்குத் தெரியாதது இல்லை, ஒரு சொல்லில் எத்தனை கலியாணம் குழம்பியிருக்கிறது. என் பிள்ளையின் வாழ்க்கை இது. நீ எனக்காக ஒன்றைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

ஜோசுவாவை எனக்குப் பிடிக்காது என்று மட்டும் நினைக்காதே. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். அவன் எனக்கும் குஞ்சுதான்.

அத்தானுக்குச் சீனி ஏறியிருக்கிறது. ஒளித்து மஸ்கற் இனிப்புச் சாப்பிடுகிறார்.

பாசத்துடன்,
அக்கா


பார்க்டேல்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பங்குனியில் வந்த உங்கள் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். முதலில் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டேன். எத்தனையோ பழமொழி இருக்க, என் பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்குக் காகம்தானா கிடைத்தது? நீங்கள் யோசித்து எழுதியிருக்கமாட்டீர்கள். அதுதான் எனக்கு இன்னும் நோகிறது.

ஆனால் இப்போது கோபம் இல்லை. போன மாதம் ஏஞ்சலா வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜோசுவா இல்லாவிட்டால் தோழனே வேண்டாம், மாப்பிள்ளை தானே நடந்து உள்ளே வரட்டும் என்று உங்களோடு நின்று சண்டை பிடித்தாளாமே. நீங்கள் கடைசியில் ஓம் என்றது மட்டுமில்லை, மாப்பிள்ளையின் வேட்டிக்குப் பொருத்தமாக அவனுக்கும் ஒரு பட்டு வேட்டி நீங்களே தேடி வாங்கியதாகவும் சொன்னாள். நான் அவளுக்கு முன்னால் அழவில்லை. அவள் போன பிறகு குசினிக்குள் போய் அழுதேன். நன்றி அக்கா.

ஏஞ்சலா அவனிடம் கேட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "டேய், நீ என்ர பிரதர் தானே? தென் ஸ்டான்ட் தேர் அண்ட் ஹோல்ட் ஹிஸ் ஹாண்ட்" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அன்று பின்னேரமே யூரியூப்பில் வேட்டி கட்டுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தான். என் பெட்ஷீற்றைக் கட்டிப் பழகுகிறான். "வாங்கோ அத்தான்" என்று குளியலறைக்குள் நின்று சொல்லிப் பார்க்கிறான். கதவுக்கு வெளியே நின்று க்வேசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

முடியையும் வெட்டிவிட்டான். நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதாக ஏஞ்சலா வாய்தவறிச் சொன்னாள், அடுத்த நாளே போய் வெட்டிவிட்டு வந்தான். மூன்று வருஷம் வளர்த்து, மாமி ஞாயிறு ஞாயிறாக இருந்து பின்னிவிட்ட முடி. மாமி அதைப் பார்த்துவிட்டு அவன் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டா. க்வேசி ஏன் என்று கேட்டார். பெரியம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றான்.

சம்பந்தி வீட்டாருக்கு முதலே சொல்லிவிடுங்கள் அக்கா. வாசலில் வைத்து அவர்கள் முகம் மாறினால் அவன் கண்டுபிடித்துவிடுவான். அவனுக்கு முகம் பார்க்கத் தெரியும்.

கலியாணத்தில் சந்திப்போம்.

அன்புடன்,
அன்ரனெற்


ஸ்காபரோ
25 ஓகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி,

கலியாணம் முடிந்து ஒரு கிழமை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஏஞ்சலாவும் வினோதனும் ஹலிபக்ஸ் பக்கம் போயிருக்கிறார்கள். போகும்போது பிள்ளை என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

நீங்கள் சாப்பிடாமல் போனது எனக்குப் பெரிய குறை. பார்க்கிங்கில் ஏதோ ஒரு சின்னக் குழப்பம், ஹோல்காரர் தேவையில்லாமல் பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், பிறகு எல்லாம் சரியாகிவிட்டதுதானே. அதற்காக இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் நீங்கள் அப்படிப் போயிருக்க வேண்டுமா? தோழனுக்கு ஆள் இல்லாமல் கடைசி நேரத்தில் றொய்சனைத் தள்ளிவிட வேண்டிவந்தது. அவன் மாலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். வந்தவர்கள் எல்லோரும் தங்கச்சி எங்கே, தங்கச்சி எங்கே என்று கேட்டார்கள். உனக்குத் தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கும் அன்றைக்குத் தலை விறைத்துப் போயிருந்தது, அன்ரனெற். விடியற்காலையில் எழும்பியது, யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதே ஞாபகம் இல்லை. பிள்ளை ஏதாவது சொன்னானா?

உங்களுக்கென்று எடுத்து வைத்த பலகாரத்தைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போது வருவாய்?

பாசத்துடன்,
அக்கா


பார்க்டேல்
15 செப்ரெம்பர் 2024

அக்காவுக்கு,

ஓம். பிள்ளை சொன்னான்.

உடனே சொல்லவில்லை. அன்று பார்க்கிங்கில் நாங்கள் ஓடிவந்தபோது கிட்டத்தட்ட எல்லாம் முடிந்திருந்தது. க்வேசி பொலிஸோடு கதைத்தார், அவர்களும் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போவோம் என்று மட்டும்தான் ஜோசுவா சொன்னான். ஏதோ ஆள் மாறாட்டம் என்றே நானும் நினைத்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு, "பெரியம்மா நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்கிறா" என்றேன். அப்போதுதான் சொன்னான்.

உங்களுக்கு ஞாபகம் இல்லை என்கிறீர்கள். அவனுக்கு இருக்கிறது. அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கிய வேட்டி ஏஞ்சலாவின் காருக்குள் இருந்தது. அவள் கோயிலில் வைத்து அவனிடம் திறப்பைக் கொடுத்து, ஹோலுக்குப் போய் எடுத்துக் கட்டு என்றாள். அவன் ரீசேர்ட்டோடு போய்க் காரைத் திறந்திருக்கிறான். மாப்பிள்ளையின் மாமா, அலெக்ஸாண்டராம், அவர் கண்டுவிட்டுச் சத்தம் போட்டார். "ஒரு கறுவல் பெடியன் பொம்பிளையின்ர காரை உடைக்கிறான்!" ஹோல்காரர் ஓடிவந்தார்கள். பொலிஸ் வந்தது. அவன் ஓடவில்லை. திறப்பைக் காரின் மேலே வைத்துவிட்டு இரண்டு கையையும் வெளியே நீட்டினானாம். சேர் என்றானாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னானாம். நான் பழக்கிய ஒன்றையும் அவன் பிழையாகச் செய்யவில்லை.

அப்போது நீங்கள் சம்பந்தியம்மாவோடு வெளியே வந்தீர்கள். அவன் உங்களைக் கண்டதும், அப்பாடா என்று இருந்தது என்றான். அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் நினைத்து அழுதேன் தெரியுமா? "பெரியம்மா" என்று கூப்பிட்டான். "தற் இஸ் மை பெரியம்மா" என்று பொலிஸுக்குக் காட்டினான். பொலிஸ்காரர் உங்களிடம், இந்தப் பெடியனைத் தெரியுமா என்று கேட்டார்.

நீங்கள் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தீர்களாம். பிறகு, "நோ. ஐ டோன்ட் நோ ஹிம்" என்றீர்களாம். சொல்லிவிட்டு உள்ளே போனீர்களாம். க்வேசி வரும்வரை அவன் சீமெந்துக் கட்டில் இருந்தான்.

அக்கா, வெள்ளவத்தைச் சந்தியில் என் அடையாள அட்டையில் ஏதோ பிழை என்று ஆமிக்காரன் என்னை மட்டும் ட்ரக்கில் ஏறச் சொன்னான். மற்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் என் கையை விடவில்லை. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "மகே நங்கி, சேர், மகே நங்கி" என்று கத்தினீர்கள். என் தங்கச்சி, என் தங்கச்சி என்று. அவன் துவக்குப் பிடியால் உங்கள் தோளில் தள்ளினான். அப்படியும் விடவில்லை. ஏற்றுவதென்றால் இரண்டு பேரையும் ஏற்று என்று நீங்களும் காலைத் தூக்கி வைத்தீர்கள். அவனுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

துவக்குக்குப் பயப்படாத நீங்கள் ஒரு சம்பந்தியின் புருவத்துக்குப் பயந்தீர்கள்.

மாமா, மாமி, க்வேசி, நான் என்று நாலு பேரும் அவனுக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தோம். பொலிஸ் என்ன செய்வான், ஆசிரியர் என்ன செய்வார், கடைக்காரன் பின்னால் வந்தால் என்ன செய்வது என்று எல்லாம். பெரியம்மா என்ன செய்வா என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்கு அவனை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்னனாக இருந்தபோது உங்கள் கோயிலில் அவன் கன்னத்தைக் கிள்ளாத ஆள் இல்லை. சுருட்டை முடி, பெரிய கண், என்ன வடிவு என்பார்கள். எந்த வருஷம் அவன் வடிவு குறைந்து சந்தேகமாக மாறினான் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கண்ணிலும் அவன் அப்படி மாறிவிட்டான் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

பலகாரம் வேண்டாம். போன் எடுக்காதீர்கள், வீட்டுக்கு வரவும் வேண்டாம். நான் உங்களை வெறுக்கவில்லை. வெறுக்க முடிந்தால் லேசாக இருக்கும். ஆனால் அவனை இன்னொரு தரம் உங்கள் முன்னால் கொண்டுவந்து நிற்பாட்ட என்னால் முடியாது.

அன்ரனெற்


ஸ்காபரோ
8 டிசெம்பர் 2024

அன்பான தங்கச்சி,

தபால்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி நாளாகிவிட்டது. நீ பதில் போடாதது அதனால்தான் என்று அத்தானுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன். இதை ஏஞ்சலா உன் கையில் தருவாள்.

அந்த இரண்டிலும் நான் சாட்டுச் சொல்லியிருந்தேன். தலை விறைப்பு, ஆங்கிலம் வராது, பொலிஸைக் கண்டால் பயம் என்று. நீ அவற்றைப் படித்திருந்தால் மறந்துவிடு. எனக்கு ஆங்கிலம் வரும். கேள்வி விளங்கியது. பிள்ளை என்னைக் கூப்பிட்டதும் கேட்டது. நான் தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன், உன்னிடம் நல்ல பெயர் வாங்க இல்லை, சொல்ல வேறு ஆள் இல்லை. ஏஞ்சலாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அன்றைக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், அவன் என் பிள்ளை, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே வேலை செய்த பெண்பிள்ளை கொம்பியூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு முறைப்பாடும் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை, கவலைப்படாமல் போங்கள் என்றது. நான் திரும்பவும் சொன்னேன். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். ஏஞ்சலா என்னைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். ஒன்றும் நடக்கவில்லையாம், அன்ரனெற்.

பிறகு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். "அண்டைக்குப் பார்க்கிங்கிலை நிண்ட பெடியன் என்ர தங்கச்சியின்ர மகன். நான் வளத்த பிள்ளை" என்றேன். சம்பந்தியம்மா கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "எங்களுக்குத் தெரியும். ஏஞ்சலா முதலே படம் காட்டினவள். அலெக்ஸாண்டருக்குத்தான் தெரியாது."

"அப்ப ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"பெரியம்மாவே தெரியாதெண்டு சொன்னாப் பிறகு, நாங்கள் என்னெண்டு தெரியுமெண்டு சொல்லிறது?" என்றா.

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை. யாருக்குப் பயந்து அவனைத் தெரியாது என்றேனோ, அவர்களுக்கு அவனை முதலே தெரியும். அவர்கள் கலியாணத்தை நிறுத்த நினைக்கவும் இல்லை. நான் எதற்காக அந்தப் பிள்ளையை விட்டேன் என்று இப்போது எனக்கே ஒரு காரணம் இல்லை.

போன சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். அவன் உனக்குச் சொன்னானோ தெரியாது. வரவேண்டாம் என்று நீ சொன்னதை மீறித்தான் வந்தேன், என்னை ஏசு. கொஞ்சம் இறைச்சிக் கறியும் புட்டும் கொண்டுவந்தேன். சப்வேயும் ஸ்ரீட்காரும் மாறி வருகிற வழியெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

அவன்தான் கதவைத் திறந்தான். முடி திரும்பவும் வளரத் தொடங்கியிருக்கிறது. இன்னும் உயர்ந்துவிட்டான். என்னைக் கண்டதும் கோபப்படுவான், இல்லை அழுவான், இல்லை கதவை அடித்துச் சாத்துவான் என்று எதற்கும் ஆயத்தமாக இருந்தேன். அவன் நிமிர்ந்து நின்று, "குட் ஆஃப்டர்நூன், மேம்" என்றான்.

"அம்மா நிக்கிறாவோ, அப்பன்?" என்றேன். "நோ, மேம்" என்றான். எப்போது வருவா என்றேன். ஐந்து மணிக்கு என்றான், அதற்கும் ஒரு மேம். சாப்பிட்டாயா என்றேன். "யெஸ், மேம்." கதவு நிலையில் இரண்டு கையையும் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்தான், முறைக்கவில்லை. நான் கேட்காத ஒன்றையும் அவன் சொல்லவில்லை. சாப்பாட்டை எடுக்க நான் பைக்குள் கையை விட்டபோது ஒரு அடி பின்னுக்குப் போனான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளை என்னிடம் மரியாதைக் குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளவத்தை லொட்ஜில் உன்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாட்டி நான் பழக்கியது அது. அன்ரனெற், என் மடியில் நித்திரை கொண்ட பிள்ளைக்கு நான் ஆமிக்காரன் ஆகிவிட்டேன்.

பாடமாக்கி வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. மன்னித்துக்கொள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் "யெஸ், மேம்" என்றுதான் சொல்லியிருப்பான். சாப்பாட்டை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான். நன்றி சொன்னான்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். அவனைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தாதே. அவனைக் கட்டாயப்படுத்தி வாங்கினால் அது எனக்கு ஒட்டாது. நீ நல்லாய்ச் சாப்பிடு, குளிருக்குள் தலையை மூடாமல் திரியாதே.

கதவை அவன் மெதுவாகத்தான் சாத்தினான். சத்தமே கேட்கவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்கமாட்டேன்.

அக்கா